கேள்வி புரியாத ரத்தம்

புகாரை நான்தான் எழுதினேன். என் கணவர் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அலட்சியம்னு போடட்டுமா, பொறுப்பில்லாத்தனம்னு போடட்டுமா?"

தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாகக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தவர் நிமிராமலேயே சொன்னார். "ரெண்டையும் போடேன்."

இரண்டையும் போட்டேன். நோயாளியின் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்றும் போட்டேன். ரத்தம் எடுக்க வந்த பெண்ணை இனிமேல் யாரிடமும் அனுப்பக் கூடாது என்று கடைசி வரியாகச் சேர்த்து வாசித்துக் காட்டியபோது அவருடைய கை ஒரு கணம் நின்றது. தோல் அறுந்தது. "ச்சே" என்றார். அது ஆரஞ்சுக்காக என்றுதான் நினைத்தேன்.

அன்று காலையில்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் அறிவிப்பு அறையில் இருந்தேன். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று சொல்கிற குரல் என்னுடையது. மற்ற நிலையங்களில் இதற்கெல்லாம் இயந்திரம் வந்துவிட்டது. எங்கள் நிலையத்து இயந்திரம் மழை வந்தால் விக்கிக்கொள்ளும் என்பதால் என்னை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத் திட்டுவது உதட்டசைவில் தெரியும். பழகிவிட்டது. வண்டி தாமதம் என்று சொன்னால் திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். சொல்லாமல் விட்டால்தான் கதவைத் தட்ட வருவார்கள்.

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன். ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல். ஆய்வுக்கூடத்தின் ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் சாம்பிள்ல ஒரு பிரச்சினை. மறுபடி ஒரு தடவை ரத்தம் குடுக்க வேண்டியிருக்கும்."

"நோய் திரும்பி வந்திருக்கா?"

"அதைச் சொல்லலைம்மா. நல்லதா கெட்டதான்னே எங்களால சொல்ல முடியலை. இது அவரோட ரத்தமே இல்லைன்னு வருது."

"அப்ப யாரோட ரத்தம்?"

"அதுதான் தெரியலை."

மூச்சை விட்டேன். நோய் இல்லை, குளறுபடிதான். குளறுபடியோடு சண்டை போடலாம். அடுத்த வண்டியை அறிவிக்கும்போது என் குரல் கணீரென்று இருந்ததாகப் பிறகு நிலைய மேலாளர் சொன்னார்.

என் கணவருக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி. அதை எடுத்து, மருந்தும் ஏற்றி முடித்த பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, கை துடைக்கும் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எதை விளக்கினாலும் அந்தக் காகிதத்தில்தான் போடுவார், மை பரவிப் படம் முழுக்கப் பூஞ்சை பிடித்த மாதிரி ஆகிவிடும்.

"கட்டியில இருக்கிற செல்லுங்க சாகும்போது அதுங்களோட டி.என்.ஏ. துண்டு துண்டா ரத்தத்துல கலக்கும். எடுத்த கட்டியை லேப்ல முழுசா படிச்சு, அதுல மட்டும் இருக்கிற மாற்றங்களைக் குறிச்சு வெச்சிருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல அந்த அடையாளங்களைத் தேடுவாங்க. தட்டுப்பட்டா எங்கேயோ மிச்சம் இருக்குன்னு அர்த்தம்."

"ஸ்கேன்ல தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஸ்கேன்ல தெரியற அளவுக்கு வளர்றதுக்குள்ள ரத்தம் காட்டிக் குடுத்துடும். சில பேருக்குப் பல மாசம் முன்னாலயே. அந்த மாசங்கள்தாம்மா நமக்கு லாபம். தெரிஞ்ச உடனே மருந்தை ஆரம்பிச்சுடலாம்."

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முதல் சுற்று மருந்தே அவருடைய விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்திருந்தது. குளிர்ந்த தண்ணீர்க் குவளையைத் தொட்டால் ஷாக் அடித்த மாதிரி துள்ளுவார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். போகப் போகச் சரியாகும் என்றார்கள். பாதி சரியானது. மீதிக்குத்தான் ஆரஞ்சு. தினமும் உரிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

டாக்டரம்மாவின் அறையிலிருந்து வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றபோது நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் அப்பாவின் நோய் எனக்குக் கடைசியாகத்தான் தெரியும். எனக்குப் பரீட்சை என்று மறைத்தார்கள். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தெரிந்திருந்தது. நான் முதல் வகுப்பில் தேறிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பாவால் என்னை அடையாளம் காண முடியவில்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகையால் நீட்டிச் சொல்லவில்லை.

"நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்."

"சத்தியமா" என்றார். அங்கேயே வரவேற்பு மேசைக்குப் போய், முடிவு இருவர் ஃபோனுக்கும் ஒரே நேரத்தில் வரும்படி எழுதிக் கொடுத்தார். அந்த மனிதரை அன்று எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

முதல் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தோம். இரண்டு முறையும் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. மூன்றாவது முறைக்கு முன்னால், "ஒவ்வொரு தடவையும் அரை நாள் போகுது. லேப்லேருந்து ஆள் வருவாங்களாமே, பட்டறைக்கே வரச் சொல்லிடறேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பட்டறை என்பது அவரும் தம்பியும் நடத்துகிற லிஃப்ட் பழுதுபார்க்கும் இடம். தம்பிக்கு அங்கே ஸ்பிரிங் என்று பெயர். ஓர் இடத்தில் உட்கார மாட்டான், பேசும்போதுகூட எம்பிக்கொண்டிருப்பான். இருவருக்கும் ஒரே முகவெட்டு, ஒரே வழுக்கை. ஆனால் அண்ணன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துத் தம்பி பேசிவிடுவான். எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அண்ணி சமையலுக்குப் பழகினவனுக்கு வேற யார் சமைச்சாலும் ருசிச்சுடும், அப்புறம் அண்ணி மனசு கஷ்டப்படும்" என்பான். நான் கரண்டியைத் தூக்குவேன்.

மூன்றாவது முறை ரத்தம் எடுத்த அன்று சாப்பிட வந்தபோது அவனுடைய முழங்கை மடிப்பில் வட்டமாகச் சின்னப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"கொசு கடிச்சிடுச்சு அண்ணி. பெரிய கொசு. மூணு மாசத்துக்கு ஒருக்காதான் வரும், ஆனா வந்தா வயிறு நிறையக் குடிக்கும்."

"கம்பி குத்திடுச்சுன்னு சொல்லேன். ஊசி போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: கண்டறியப்படவில்லை. நான் அறிவிப்பு அறையில் தனியாக அழுதேன். அழுது முடித்துவிட்டு, தாமதமாக வந்துகொண்டிருந்த ஒரு வண்டியை மிகவும் அன்போடு அறிவித்தேன். மூன்று மாதம் கழித்து நான்காவது முறையும் ரத்தம் எடுத்தார்கள். அதற்குத்தான் இந்த ஃபோன் வந்தது.

புகார் அனுப்பி நான்கைந்து நாளில் ஆலோசகர் மறுபடி கூப்பிட்டார். ரத்தம் எடுத்த பெண்ணைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"ஆனா நீங்க ஒரு தடவை நேர்ல வந்தா நல்லது" என்றார்.

வீட்டில் சொன்னேன். "நானும் வரணுமா?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாம். நீங்க வந்தா ஒரு டீ குடுத்துச் சமாதானம் பண்ணிடுவாங்க. நான் பாத்துக்கறேன்."

சிரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பேருந்து திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்காக நிற்கிறார் என்று கையசைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் எங்கு பார்த்தாலும் குளிர்பெட்டிகளின் உறுமல். ஆலோசகரின் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூக்குத் துடைத்த காகிதம் நிரம்பிய கூடை. என்னைவிட வயதில் இளையவர். வரும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்ததையெல்லாம் நான் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கிடவில்லை.

பிறகு சொன்னார். "ஒவ்வொரு சாம்பிள்லயும் கட்டியோட அடையாளத்தைத் தேடறதுக்கு முன்னாடி, ஆள் அவர்தானான்னும் பாப்போம்மா. பிறவியிலேயே வர்ற சில அடையாளங்களை வெச்சு. போன மாசத்துலேருந்துதான் எல்லா சாம்பிளுக்கும் அதைச் செய்யறோம். இதுல பொருந்தலைன்னதும், போன தடவை எடுத்ததுல மிச்சம் வெச்சிருந்தோம், அதையும் பாத்தோம். அதுவும் அவரோடது இல்லை."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டும் ஒரே ஆளோடது. ஆனா அவரோடது இல்லை."

"அந்தப் பொண்ணு எங்கேயோ உட்கார்ந்து யாரோட ரத்தத்தையோ நிரப்பி அனுப்பியிருக்கா. நான் அதைத்தானே எழுதியிருக்கேன்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்." அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "ஒண்ணு கேக்கறேன். அவருக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். குளிர்பெட்டி ஒன்று கிளிக்கென்று நின்றது. நான் எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன், கேட்கவில்லை.

"முன்பின் தெரியாத ஆளோட ரத்தத்துல இவ்வளவு ஒற்றுமை வராதும்மா" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிச்சோம். பேர் கேட்டேன், பிறந்த தேதி கேட்டேன், டக்குனு சொன்னாரு, கையெழுத்தும் போட்டாருங்கறா. நல்ல கலகலப்பான மனுஷராம். ரெண்டாவது தடவை போனப்ப, 'வாங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற கொசு'ன்னு கூப்பிட்டாராம்."

என் கணவர் ஊசியைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்பவர். அவர் வாழ்க்கையில் யாரையும் கொசு என்று கூப்பிட்டதில்லை.

"அப்ப அந்த முடிவு?" என்று கேட்டேன். என் குரல் அறிவிப்புக் குரலாக மாறியிருந்தது. "கண்டறியப்படவில்லைன்னு வந்ததே?"

"உங்க வீட்டுக்காரர் கட்டியோட அடையாளம் அவர் ரத்தத்துல மட்டும்தான் இருக்க முடியும். வேற யார் ரத்தத்துல தேடினாலும் கிடைக்காது. எப்பத் தேடினாலும் கண்டறியப்படவில்லைன்னுதான் வரும்."

கேட்ட கேள்வியே புரியாத ஒரு ரத்தத்திடம் நாங்கள் பதில் வாங்கியிருக்கிறோம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பேருந்தில் ஏறி நேராகப் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டேனா என்று தேடிக்கொண்டே போனேன். அந்தக் கொசு வந்து வந்து காதில் ரீங்காரமிட்டது.

பட்டறையில் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே கழற்றிய மோட்டார், எண்ணெய் வாளி, சுருட்டிவைத்த இரும்புக் கயிறு. கால் முளைத்த மாதிரி சுவரோரம் நிற்கிற லிஃப்ட் கதவுகள். ஸ்பிரிங் ஒரு கதவுப் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எம்பினான்.

"வாங்க அண்ணி. லேப்காரங்களைக் கிழிச்சுத் தொங்கப்போட்டுட்டீங்களா? எத்தனை பேர் மிச்சம்?"

"கையைக் காட்டு."

"எந்தக் கையை?"

"அதைத்தான் கேக்கறேன். ரெண்டு தடவையும் ஒரே கையா, இல்ல மாத்தி மாத்திக் குடுத்தியா?"

அவன் அசையாமல் நின்றதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான்.

"ஒரே குரூப்தானே அண்ணி" என்றான். "எனக்கும் ஓ பாசிட்டிவ், அண்ணனுக்கும் ஓ பாசிட்டிவ். ஆஸ்பத்திரி சீட்டை வெச்சு ஒத்துப் பாத்தோம். குரூப் ஒண்ணா இருந்தா கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சோம்."

"நெனச்சோம். யாரு யாரு?"

அவன் பூட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தான்.

"என் வீட்டுல உட்கார்ந்து, என் கையால சாப்பிட்டுக்கிட்டே, என்கிட்டயே ஜோக் அடிச்சே. கொசுவாம்."

"அண்ணன் அழுதாரு அண்ணி." அவன் குரல் கீழே போய்விட்டது. "ஒரே ஒரு தடவைன்னு சொன்னாரு. அடுத்த தடவை நானே குடுத்துடறேன்னாரு. அடுத்த தடவையும் அழுதாரு. அவர் அழுது நான் பாத்ததே இல்ல."

"நான் மட்டும் பாத்திருக்கேனா?"

அப்போது அவர் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். தோளில் கருவிப் பை. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். கேட்க எதுவும் இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பையை மெதுவாக இறக்கி வைத்தார். ஸ்பிரிங் வெளியே போகப் பார்த்தான். "இரு" என்றேன். இருந்தான்.

"உனக்காகத்தான்" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு தடவையும் முடிவு வர்றவரைக்கும் நீ சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. பாத்துக்கிட்டு இருக்க முடியலை."

"என் தலையில கட்டாதீங்க."

"நெஜமாத்தான்..."

"நான் எதைக் கேட்டேன் உங்ககிட்ட? நகை கேட்டேனா, பங்களா கேட்டேனா? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்னு கேட்டேன். முடிவை மறைக்க முடியாதுன்னதும் ரத்தத்தையே மாத்திட்டீங்க."

அவர் மோட்டாரின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து சின்னத் திருகாணி ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கண்களை மூடிக்கொண்டார். திருகாணி விழுந்தது. அவர் விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருப்பது போலவே இருந்தன.

"விழுந்தது எனக்குத் தெரியலை" என்றார், சத்தம் கேட்டபிறகு. "மறுபடியும் வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அதே மருந்துதான். டாக்டரம்மாகிட்ட நான் தனியாக் கேட்டேன். இந்த வெரல்ல மிச்சம் இருக்கிறதும் போயிடலாம்னாங்க. இந்தக் கையில ஒண்ணும் தெரியலைன்னா நான் யாரு சொல்லு. லிஃப்ட்ல ஏறி பட்டனை அமுக்கிட்டுப் போற ஆளு."

முதல் முறையாக உண்மை பேசினார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இந்த உண்மையையும் டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறார், தம்பியிடம் அழுதிருக்கிறார். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தது போக எனக்கு மிச்சம் ஆரஞ்சுத் தோல்.

"இதைச் சொல்லியிருந்தா மருந்து வேணுமா வேண்டாமான்னு சேர்ந்து யோசிச்சிருப்போம். வேண்டாம்னா வேண்டாம்னு இருந்திருப்பேன். உங்க கைதானே. உங்க உசிருதானே." கீழே கிடந்த திருகாணியை எடுத்து அவர் பையில் போட்டேன். "ஆனா புகார் எழுதும்போது பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களே. ரெண்டையும் போடேன்னீங்களே. ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு வேலை போய் வீட்டுல உட்கார்ந்திருக்கா. அதுகூடவா எனக்காக?"

அவர் பையைக் காலருகே இழுத்துக்கொண்டார்.

பட்டறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பி தொங்கும். வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் அதன் கதையை அவர் சொல்லுவார். லிஃப்ட் கதவின் பூட்டு சரியாக விழாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது, லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது ஒரு துண்டுக் கம்பியால் பூட்டின் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள், உடனே எடுத்துவிட வேண்டும். பழைய மெக்கானிக் ஒருவர் புதுப் பூட்டு மாட்டச் சோம்பல்பட்டுக் கம்பியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். கதவு திறந்தபடியே அந்த லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் விழுவதற்குள் இவர் கண்டுபிடித்துவிட்டார். பல வருடம் கூட இருந்த ஆளை அன்றைக்கே அனுப்பினார். பாவம், அவருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "கதவு திறந்திருக்குன்னு லிஃப்டுக்குத் தெரிஞ்சா அது தானா நின்னுடும். அதுக்குத் தெரிய விடாம பண்ணிட்டானே" என்றார்.

ஆணியிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தெரியுதா?"

விரல்களை மடக்கினார். "வெரல்ல தெரியலை" என்றார். "உள்ளங்கையில தெரியுது."

ஸ்பிரிங் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

மறுநாள் காலை அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன், காரணத்தையும் எழுதினேன். அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அந்தப் பெண்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவளை வரவழைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

அவள் வந்தாள். ஒல்லியாக, முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே அவளுக்கு எதிராக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே, "முஷ்டியை இறுக்கிக்கங்க சார்" என்றாள் அவரிடம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

"பேரு?"

சொன்னார்.

"பிறந்த தேதி?"

சொன்னார். நரம்பைத் தேடி விரலால் அழுத்தினாள். ஊசி உறையைக் கழற்றியவள் நிறுத்தினாள். முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவர்தானா?"

குத்தலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். காதோரம் நரைத்த முடி, தாடையில் சவரம் விட்ட இடம், எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஒரு சின்னக் கேள்விக்கு எடுக்க வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இவர்தான்" என்றேன்.

ஊசி இறங்கியது. அவர் துள்ளவில்லை. குழாய் நிரம்பிக்கொண்டு வந்தது, தம்பியின் ரத்தம் எப்படி இருந்திருக்குமோ அதே கருஞ்சிவப்பு.

முடிவு வரும்வரை வீட்டில் நாங்கள் தேவைக்குப் பேசிக்கொண்டோம். உப்பை நகர்த்து, கதவைச் சாத்து. ஸ்பிரிங் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். ஒரு மாலை வாசலில் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. யார் வைத்தது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் உரித்தார், நான் சாப்பிட்டேன். அது எந்த விதத்திலும் சமாதானம் இல்லை. பழம் வீணாகிவிடுமே என்றுதான்.

மழை பெய்த ஒரு மதியம் ஃபோன் அதிர்ந்தது. அறிவிப்பு அறையில் இருந்தேன். ஆய்வுக்கூடத்தின் பெயர் தெரிந்தது. அவர் ஃபோனும் இதே கணத்தில் எங்கேயோ ஒரு லிஃப்ட் கிணற்றுக்குள் அதிர்ந்திருக்கும். திறக்கவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, வேலை முடியும்வரை வண்டிகளை வரவேற்றேன்.

வீட்டுக்குப் போனபோது அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவருடைய ஃபோனும் கவிழ்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா?"

"இல்ல. நீ வரட்டும்னு."

நம்புவதா என்று ஒரு கணம் தோன்றியது. இனிமேல் எப்போதும் தோன்றும். ஈரக் குடையைக் கதவின் பின்னால் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"நான் படிக்க மாட்டேன்" என்றேன். "நீங்க படிங்க. சத்தமா."

அவர் ஃபோனை எடுத்தார். மரத்த விரல் திரையில் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது. உதவ வேண்டும் போலிருந்தது, கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். திறந்துவிட்டார். கண்கள் மேலிருந்து கீழே ஓடின, நின்றன. அந்த நேரத்தில் எத்தனையோ பொய்கள் சொல்லலாம்.

"கண்டறியப்பட்டது" என்றார்.

ஏற்ற இறக்கம் இல்லாமல், நான் சொல்வது போலவே சொன்னார். கீழே இருந்த எண்ணையும் படித்தார். டாக்டரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்ததையும் படித்தார். பிறகு படிக்க எதுவும் இல்லை.

மேசையின் மேல் கிடந்த அவருடைய கை என் பக்கம் நகரப் பார்த்து நின்றுவிட்டது. வெளியே மழை. நிலையத்து இயந்திரம் இப்போது விக்கிக்கொண்டிருக்கும். நடைமேடையில் காத்திருப்பவர்கள் கண்ணாடியை நெருங்கி வந்து என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். அதற்கு என்னிடம் எப்போதும் பதில் இருக்கும், இத்தனை நிமிடம் என்று.

"நாம எவ்வளவு லேட்டுன்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் திரையை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார், போட்டிருக்கக்கூடும் என்பது போல.

"இல்ல" என்றார்.